பழைய எண் 14, புதிய எண் 31

சென்ற நவம்பரில் ஒரு மத்தியானம், ஆதம்பாக்கத்துப் பழைய பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன். வீடு மாறி ஏழு மாதம் கழித்து அவர் கூப்பிடுகிறார் என்றால் ஒன்று கூரியர் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது கல்யாணம்.

"தம்பி, உங்க பேருக்கும் உங்க வீட்டம்மா பேருக்கும் ஓட்டு ஃபார்ம் வந்திருக்கு. பி.எல்.ஓ. அம்மா வாசல்ல நிக்கிறாங்க. இருக்கீங்கன்னு சொல்லட்டுமா, இல்லைன்னு சொல்லட்டுமா?"

பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் இருக்கிறேன் என்றால் பொய். இல்லை என்றால் வாக்காளர் பட்டியலில் பேர் போய்விடும். "வாங்கி வைங்கக்கா, சாயங்காலம் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு மாலை மடிப்பாக்கத்திலிருந்து ஆதம்பாக்கம் போகும்போது வண்டியில் ஒரே யோசனை. நான் எங்கே இருக்கிறேன் என்ற கேள்விக்கு எனக்கே சட்டென்று பதில் வரவில்லை.

ராத்திரி ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். அரசாங்கத்தின் கணக்கில் நான் பல ஊர்க்காரன். பாஸ்போர்ட்டிலும் ஓட்டுநர் உரிமத்திலும் மன்னார்குடி பக்கத்துக் கிராமம். ஆதாரில் மேற்கு மாம்பலம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் சைதாப்பேட்டை. வாக்காளர் அட்டை, கேஸ், வங்கி மூன்றும் ஆதம்பாக்கம். தினமும் தூங்கி எழுகிற மடிப்பாக்கத்தில் மட்டும் நான் எங்கேயும் இல்லை. இதில் சில தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி, முகவரி மாறினால் 30 நாளுக்குள் வண்டி உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்த ஒரு மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் இல்லாத இடத்துக்குத்தான் என்னிடம் சான்று குவிந்து கிடக்கிறது. ஊரில் ஓட்டு வீடு. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா, கூட்டுறவு வங்கி பாஸ்புக், எல்லாம் அப்பா காலத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்த வீட்டில் நான் வருஷத்துக்குப் பத்து நாள் படுத்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் இருக்கிற இடத்துக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் பெயர் சேர்க்க 18 வயதும் அங்கே 'சாதாரணமாகக் குடியிருப்பதும்' வேண்டும் என்கிறது. சாதாரணமாகக் குடியிருப்பது என்றால் என்ன? அடுத்த பிரிவு, 20, அதைச் சொல்ல வருகிறது. ஆனால் எது குடியிருப்பு இல்லை என்பதைத்தான் தெளிவாகச் சொல்கிறது. ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே அங்கே குடியிருப்பதாக ஆகாது. தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே குடியிருப்பு போய்விடாது. சந்தேகம் வந்தால் எல்லா விவரங்களையும் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதாவது டிரங்குப் பெட்டியால் என்னை ஊர்க்காரனாக்க முடியாது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வாடகை வீட்டில் இருந்தவர்களோ என்னவோ, மனித வாழ்க்கை தெரிந்து எழுதியிருக்கிறார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்ததும்தான் அது 'என்ன ப்ரூஃப் இருக்கு?' என்று சுருங்கிவிடுகிறது.

சென்னைக்கு வந்த வருஷம் 2006. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேருக்கு ஓர் அறை. சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் சொல்லிவிட்டார்: "தம்பி, லெட்டர் வந்தா எடுத்து வைப்பேன். அட்ரஸ் ப்ரூஃப் மட்டும் கேக்காதீங்க." சம்பளக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று வேண்டும் என்றது வங்கி. செல்போன் போஸ்ட்பெய்டு எடுத்தால் பில் வரும், அதைக் காட்டலாம் என்றார் அறைத் தோழர். போஸ்ட்பெய்டு கேட்கப் போனால் அவர்கள் முகவரிச் சான்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் யாரும் பேசாத லேண்ட்லைன் போன்கள் எத்தனையோ வீட்டில் இருந்தன. அதில் பாதி, பில்லுக்காக வாங்கியவை. மாதாமாதம் வாடகை கட்டி ஒரு முகவரியை வளர்த்தார்கள். கடைசியில் எனக்கு உதவியது, என் கம்பெனி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த கடிதம். அதில் என் முகவரியைச் சொன்னது யார்? நான்தான். நான் சொன்னதை அவர்கள் டைப் செய்து சீல் வைத்தார்கள். அது சான்றாகிவிட்டது.

அப்போதே லேசாகப் புரிந்தது. இந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் காகிதம் இருக்காது. யாரோ ஒரு ஆள், 'ஆமாம், இவர் இங்கேதான் இருக்கிறார்' என்று சொன்ன வாய்வார்த்தைதான் இருக்கும். அதை யார் சொன்னார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாடகை வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவர் ஹவுஸ் ஓனர்.

ஓனர்களைக் குறை சொல்லி எழுதுவது சுலபம். அவர்கள் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட காலத்தில் குடிவைத்தவர் காலி செய்யாமல் இருபது வருஷம் கோர்ட்டில் இழுத்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று உண்டு. அதனால் ஓனருக்குக் காகிதம் என்றாலே ஒவ்வாமை. பதினொரு மாத ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது? 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகப் படியேற வேண்டாம். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான் சைதாப்பேட்டையில் நாலு வருஷம் இருந்தேன். சட்டத்தின் கண்ணுக்கு ஒவ்வொரு பதினொரு மாதமும் புதிதாகக் குடிவந்தேன்.

2017ஆம் வருஷத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதை மாற்றியது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். பதினொரு மாதம் என்ற பழைய தந்திரம் இங்கே செல்லாது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த என் மாதிரி ஆட்கள் இந்த வரியை ரகசியமாகப் படித்துச் சந்தோஷப்படலாம். ஓனரிடம் எடுத்துச் சொன்னால் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

ஆதம்பாக்கத்து ஓனர் நல்ல மனிதர். தண்ணீர் வராத நாளில் தானே லாரிக்குச் சொல்லுவார். ஆனால் பதிவு என்றதும் முகம் மாறும். "எதுக்குத் தம்பி? நமக்குள்ள என்ன இருக்கு?" நமக்குள்ளே ஒன்றும் இல்லை சார், எனக்கும் அரசாங்கத்துக்கும் நடுவிலேதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சரி, மின் கட்டண ரசீதாவது என்று எடுத்தால் இணைப்பு அவருடைய அப்பா பேரில். அப்பா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்களே, அப்போதுதான் தமிழ்நாடு முழுக்க எத்தனை வீட்டில் இறந்தவர்கள் பேரில் விளக்கெரிகிறது என்று தெரிந்தது. வாடகைக்கு இருப்பவர் தன் ஆதாரை இணைக்கவும் அதில் வழி இருந்தது. "உங்க ஆதாரைக் குடுத்தா நாளைக்கு வீடு உங்களோடதுன்னு ஆயிடுமா?" என்று ஓனர் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். ஆகாது என்று அரசு எத்தனையோ தடவை விளக்கியும் அவர் நம்பவில்லை. கடைசிவரை அந்த வீட்டில் காகிதப்படி வசித்தவர் அவருடைய அப்பாதான். நான் ஆறு வருஷம் அவருக்கு மின்கட்டணம் கட்டினேன்.

போலீசுக்கு மட்டும் எங்கள் விவரம் சரியாகப் போனது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்டவர்கள் வாடகை வீட்டில் தங்கியிருந்து சுட்டுக் கொல்லப்பட்டபின், குடியிருப்பவர் விவரத்தை ஓனர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. அப்போது நான் இருந்த வீட்டின் ஓனர் என் போட்டோவை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். என் ஃபைலில் இல்லாத உண்மையான முகவரி அப்போது ஒரு காவல் நிலையத்தின் ஃபைலில் மட்டும் இருந்தது.

ஆதார் வந்தபிறகு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம் இல்லையா? எல்லா கவுன்டரிலும் அதைத்தான் கேட்கிறார்கள், அதைக் கொடுத்தால் தலையாட்டுகிறார்கள். ஆனால் 2016ஆம் வருஷ ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்கோ நிரந்தரக் குடியிருப்புக்கோ சான்றாகாது என்று எழுதியிருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் ஆதார் வாங்கலாம், அவ்வளவுதான் தகுதி. எந்தத் தெரு என்பது நாம் காட்டும் காகிதத்தைப் பார்த்து அச்சடித்தது. மாம்பலத்தை விட்டு நான் வந்து எட்டு வருஷம் ஆகிறது. என் ஆதார் இன்னும் அங்கேயே குடியிருந்தது. ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை.

ரேஷன் கார்டு கதை இதைவிட ருசி. எங்கள் தலைமுறைக்கு அதுதான் குலதெய்வம். வீடு தீப்பிடித்தால் நகைக்கு முன்னால் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 2017இல் ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முன், புது அட்டை தராமல் வருஷாவருஷம் உள்தாள் ஒட்டிக்கொண்டே போனார்களே, எங்கள் வீட்டு அட்டை கடைசியில் சின்ன நோட்டுப் புத்தகம் மாதிரி உப்பியிருந்தது. பேங்க், பள்ளிக்கூடம், கேஸ், எங்கே போனாலும் அதைத்தான் நீட்டுவோம். ஆனால் மத்திய அரசின் 2015ஆம் வருஷப் பொது விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவு, குடும்ப அட்டையை அடையாளத்துக்கோ இருப்பிடத்துக்கோ சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. டெல்லியில் கத்புத்லி காலனிவாசிகளுக்கு மாற்று வீடு தர ரேஷன் கார்டைக் கட்டாயமாகக் கேட்ட விஷயத்தில், 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த உத்தரவைத்தான் எடுத்துக் காட்டியது. அரிசி, சர்க்கரை வாங்குவதற்கான அட்டை, அவ்வளவுதான் என்று. எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இத்தனை நாளா நான் எதை வெச்சிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

அம்மா கதையைச் சொல்ல வேண்டும். நான் இத்தனை காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததே அவருக்காகத்தான்.

போன வருஷம் மூட்டு வலி அதிகமாகி எங்களோடு வந்துவிட்டார். மாதாமாதம் மாத்திரை, ஸ்கேன். மருத்துவமனையில், இன்ஷூரன்ஸில், எங்கே போனாலும் முகவரி. ஆதாரை மடிப்பாக்கத்துக்கு மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தேன். 2023 ஜனவரியிலிருந்து இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தன் பேரில் எந்தச் சான்றும் இல்லாதவர், குடும்பத் தலைவரின் ஆதாரில் உள்ள முகவரியைத் தனக்கும் போட்டுக்கொள்ளலாம். உறவுக்குச் சான்று வேண்டும். அதுவும் இல்லையென்றால் தலைவர் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். தலைவரின் போனுக்குத் தகவல் வரும், 30 நாளுக்குள் அவர் உள்ளே போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். ஆக, இங்கேயும் அதே கதைதான். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்காக 'ஆமாம்' சொல்கிறார்.

"யாரு தலைவரு?" என்றார் அம்மா.

"நான்தான்."

"ரொம்பப் பெரிய தலைவரு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மாத்திட்டா ஊர்ல என் கார்டு என்னாகும்?"

ஊரில் அவர் பேரில் தனிக் குடும்ப அட்டை. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. பணம் வந்த மெசேஜைப் படித்துக் காட்டச் சொல்லி மாதாமாதம் கேட்பார், தொகை மாறாது என்று தெரிந்தும். பொங்கல் பரிசு டோக்கனை ரேஷன் கடைக்காரர் வீடு தேடி வந்து கொடுப்பார். நிலம் கொஞ்சம் அவர் பேரில். ரேஷனை எந்தக் கடையிலும் வாங்கலாம், 2020 அக்டோபரிலேயே தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் வந்துவிட்டது, ஆதாரில் முகவரி மாறுவதாலேயே நிலமும் போகாது என்று சொன்னேன். அவர் கேட்ட கேள்வி அதைப் பற்றி இல்லை.

"எல்லாத்துலயும் மெட்ராஸ்னு போட்டுட்டா, அப்புறம் நான் எந்த ஊருடா?"

விண்ணப்பங்களில் இரண்டு கட்டம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. முப்பது வருஷமாகச் சென்னையில் இருப்பவர்கள்கூட இரண்டாவது கட்டத்தில் ஊர் பேரை எழுதுவார்கள். அதில் எழுதும் வீடு சில சமயம் இடிந்து போயிருக்கும். 'இரண்டும் ஒன்றே என்றால் டிக் செய்க' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதை டிக் செய்ய எனக்கு இன்றைக்கும் கை வருவதில்லை. 2018 ஜனவரியில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முகவரி அச்சிடுவதை நிறுத்தப் போவதாக வெளியுறவு அமைச்சகம் சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே பின்வாங்கியது. வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் எனக்கு அந்தப் பக்கத்தின்மேல் தனிப் பாசம் உண்டு. என் கிராமத்தின் பேர் அச்சில் இருப்பது அதிலும் ஓட்டுநர் உரிமத்திலும் மட்டும்தான்.

அம்மாவின் ஆதாரை மாற்றவில்லை. அவர் இன்னும் ஊரில்தான் 'இருக்கிறார்'. மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் வங்கி. கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் மேல் மெசேஜ். ரிசர்வ் வங்கியின் விதி உண்மையில் தாராளமானது. ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்றவற்றில் தற்போதைய முகவரி இல்லாவிட்டாலும், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின், போன், கேஸ் பில்லையோ சொத்துவரி ரசீதையோ வைத்து ஒப்பேற்றலாம். பிறகு மூன்று மாதத்துக்குள் முகவரி மாற்றிய அட்டையைக் கொண்டுவர வேண்டும். கேஸ் இணைப்பை மடிப்பாக்கத்துக்கு மாற்றி, புது ரசீதோடு பெருமையாகப் போனேன். அந்த அதிகாரி ரசீதைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"சார், இதுல 14னு இருக்கு. நீங்க 31னு எழுதியிருக்கீங்க."

"பழைய எண் 14, புதிய எண் 31 சார்."

"எது கரெக்ட்?"

சென்னையில் பல வருஷம் இருந்தவர்களுக்கு இதன் வேதனை தெரியும். கதவில் இரண்டு எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். தபால்காரர் பழையதில் தேடுவார், டெலிவரிப் பையன் புதியதில் தேடுவான், ஆட்டோக்காரர் இரண்டையும் விட்டுவிட்டு 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்த்தாப்ல' என்று கேட்பார். ஒரே வீடு என்று சொல்ல எனக்கு ஒரு சான்று வேண்டுமாம். வாசலை போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். போட்டோவை ஏற்க விதியில்லை என்றார். அது அவர் தப்பும் இல்லை. கடைசியில் இரண்டு எண்ணையும் போட்ட வாடகை ஒப்பந்தம்தான் காப்பாற்றியது. மடிப்பாக்கத்து ஓனரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. "சட்டம்னு இருந்தா செஞ்சிட வேண்டியதுதானே?" என்று மறுபேச்சில்லாமல் பதிவு செய்து கொடுத்தார். பத்தொன்பது வருஷ வாடகை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதிவு எண் என் கைக்கு வந்தது. இரண்டு நாள் போனில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதை ஏற்றி, 75 ரூபாய் கட்டியதும் என் ஆதார் மாம்பலத்தைக் காலி செய்துவிட்டு மடிப்பாக்கம் வந்து சேர்ந்தது.

நடுவில் இருப்பிடச் சான்றிதழும் வாங்கிப் பார்த்தேன். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கேட்கும்போது கவனம் வேண்டும். பிறப்பிடச் சான்றிதழ் வேறு, இருப்பிடச் சான்றிதழ் வேறு. முதல் தடவை நான் மாற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, வட்டாட்சியரிடம் முடியும். ஊரில் வி.ஏ.ஓ.வுக்கு என்னைத் தெரியாவிட்டாலும் 'இன்னார் மகன்' என்றால் போதும், தலையாரி உறுதி சொல்லிவிடுவார். சென்னை வி.ஏ.ஓ.வுக்கு யாரைத்தான் தெரியும்? அவர் பொறுப்பில் ஒரு ஊரளவு ஜனம் ஒரே அடுக்ககத்தில் இருக்கிறது.

இப்படிச் சலித்துப் போயிருந்த ஒரு ராத்திரியில்தான் தேர்தல் ஆணையத்தின் விதிகளில் வீடற்றவர்களைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டது. பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் வீடுள்ளவருக்குச் சான்றுகளின் பட்டியல் நீளம். ஓராண்டுத் தண்ணீர், மின்சார, எரிவாயு ரசீது, ஆதார், பாஸ்புக், பாஸ்போர்ட், நில ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் என்று போகிறது. பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு இது எதுவும் வேண்டாம். அவர் இந்த இடத்தில் படுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பி.எல்.ஓ. ராத்திரியில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி மட்டும் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி. அவர் அங்கே தூங்குவதை நேரில் பார்த்துவிட்டால் வேறு எந்த ஆவணமும் தேவையில்லை.

அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். இத்தனை சட்டம், இத்தனை படிவத்துக்கு நடுவில் குடியிருப்பு என்றால் என்ன என்று தெரிந்து எழுதியது அந்த இடம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இப்படித்தான். பிப்ரவரி 28 ராத்திரி, வீடற்றவர்களை அவர்கள் படுத்திருந்த இடத்திலேயே போய் எண்ணினார்கள். 17 லட்சத்துக்கு மேல் கணக்கு வந்தது. நிஜத்தில் எத்தனை பி.எல்.ஓ. எத்தனை ராத்திரி பிளாட்பாரத்துக்குப் போகிறார் என்பது வேறு விஷயம். பகலெல்லாம் படிவம் சுமந்துவிட்டு ராத்திரியும் போ என்றால், பி.எல்.ஓ.வாக இருக்கும் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் என்ன செய்வார், பாவம். ஆனால் எழுதிய கை சரியான கை.

நவம்பர் படிவத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் படிவம் அது. 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் உங்கள் பேர் எங்கே இருந்தது, இல்லையென்றால் பெற்றோர் பேர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நான் அப்போது பட்டியலில் இல்லை. மன்னார்குடிப் பக்கத்துப் பழைய பட்டியலைப் போனில் இறக்கி, பக்கம் பக்கமாகத் தள்ளித் தேடினேன். எழுத்து மங்கலாக இருந்தது. கடைசியில் கிடைத்தது. வரிசை எண், வீட்டு எண், அப்பாவின் பேர், வயது 51. அதற்கு அடுத்த வரியில் அம்மா. அப்பா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் கையால் தடவினார், பக்கம் நகர்ந்துவிட்டது. மறுபடி தேடிக் கொடுத்தேன்.

ஆதம்பாக்கத்து பி.எல்.ஓ. அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "இங்க இல்லைன்னா நான் இடம் மாறியவர்னுதான் போடணும் தம்பி. வரைவுப் பட்டியல் வந்ததும் புது இடத்துல படிவம் 6 குடுங்க. பயப்படாதீங்க" என்றார். அப்படியே ஆனது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடி, 5.43 கோடி ஆகியிருந்தது. நீக்கப்பட்ட 97 லட்சத்துச் சொச்சத்தில் இறந்தவர்களைவிட இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர் என்று குறிக்கப்பட்டவர்களே மிகுதி. அதில் நானும் என் மனைவியும் இரண்டு பேர். எதிர்க்கட்சிகள் ஒன்று சொன்னார்கள், ஆணையம் ஒன்று சொன்னது. எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த லட்சங்களில் என்னைப் போல வாடகை வீடு மாறியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஓனராகக் கிடைத்திருப்பார்? பழைய பக்கத்து வீட்டிலிருந்து எத்தனை பேருக்குப் போன் வந்திருக்கும்?

படிவம் 6 கொடுத்தேன். ஆதார் நகல், பதிவு எண்ணோடு வாடகை ஒப்பந்தம், உறுதிமொழி, எல்லாவற்றிலும் என் கையெழுத்து. பொய் சொன்னால் ஓராண்டு சிறையோ அபராதமோ இரண்டுமோ என்று 31ஆம் பிரிவு மிரட்டும் இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது, நிஜமாகவே இங்கே இருக்கிறவனுக்கும் லேசாகக் கை நடுங்கும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். நான் ஆபீஸில், மனைவியும் வேலையில், அம்மா பிசியோதெரபிக்குப் போயிருந்தார். ஓனரம்மா மகள் வீட்டில். கேட் பூட்டியிருந்தது. எல்லாச் சான்றும் உள்ளே பீரோவில். மாலை வந்தபோது எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

"சார், மத்தியானம் எலெக்‌ஷன் மேடம் வந்தாங்க. 31ஆம் நம்பர்ல இந்தப் பேர்ல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"14ஆம் நம்பர்ங்க மேடம் அது, புது நம்பர் எனக்குத் தெரியாதுன்னேன். போட்டோ காட்டினாங்க. ஆமா, இருக்காருன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டாங்க. இதோ பாருங்க, அவரு சட்டை ஆறு இங்கதான் கிடக்குன்னு எடுத்துக் காட்டினேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

சட்டைகளை மடித்து ஹிந்துப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"எவ்வளவுண்ணே?"

"ஆறு சட்டை, அறுபது ரூபா."